சீல் உடைக்காத பாட்டில்

“எனக்குக் குடிக்கத் தண்ணி வேணும்” என்றேன்.

ஹாலில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அழகுராஜா போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவருடைய அம்மா கையிலிருந்த டிவி ரிமோட்டை மடியில் வைத்தார். நான் ஏதோ வீட்டுப் பத்திரத்தைக் கேட்டுவிட்ட மாதிரி ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

போடியில் இந்த வீட்டுக்கு வேலை விஷயமாக நான் வந்து போக ஆரம்பித்து ஒரு வருசம் ஆகப்போகிறது. முதல் நாள் கிளம்பும்போது எங்க ஆத்தா குருவம்மாள் ஒரே ஒரு புத்திதான் சொன்னாள். “லீவு கேளு. சம்பளத்தைக் கூட்டிக் கேளு. சண்டை வேணும்னாலும் போடு. ஆனா அந்த வீட்ல தண்ணி மட்டும் கேட்டுறாதத்தா.”

“ஏன், அவங்க கெணறு வத்திப்போச்சா?”

“கேக்காதன்னா கேக்காத. தாகமெடுத்தா வெளிய வந்து குடி.”

அந்த வீட்டு ஏலக்காய் குடோனில் ரொம்ப காலம் காய் தரம் பிரித்தவள் அவள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் கேட்கவில்லை. என் பையில் எப்போதும் ஒரு பாட்டில் இருந்தது. கடைசியில் பாட்டில் தேர்ந்தெடுப்பதே என் வேலையாகிப் போனது. அந்த வேலைக்கு இன்றுதான் கடைசி நாள் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

அழகுராஜா பெங்களூரில் சில வருசம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, “மலை என்னைக் கூப்பிடுது” என்று ஊருக்குத் திரும்பியவர். மலை கூப்பிட்டதாம். எங்க ஆத்தாவையும்தான் மலை தினமும் கூப்பிடுகிறது, விடியுமுன்னே, தெருமுனையில் ஜீப்பு ஆரன் அடித்து. கேரளாப் பக்கம் வேறொரு முதலாளியின் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். ஜீப்பில் அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, நாளெல்லாம் ஏலச்செடியின் தூரில் குனிந்தே கிடந்துவிட்டு, பொழுது சாயத் திரும்பி வருவாள். மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. “நீ ஒரு வேலைல நெலைச்சுட்டா நான் ஜீப்பு ஏறுறத நிறுத்திர்றேன்” என்பதுதான் எனக்கும் அவளுக்கும் இருந்த ஒரே ஒப்பந்தம்.

நான் சிவரஞ்சனி, பி.பி.ஏ., ராசிங்காபுரம். எங்கள் வகையறாவில் காலேஜ் படியேறிய முதல் ஆள். நான் அங்கியும் தொப்பியுமாக நிற்கும் போட்டோவை ஆத்தா சாமி படங்களுக்குச் சமமாக மாட்டி வைத்திருக்கிறாள். இங்கிலீஷில் மெயில் எழுதத் தெரிந்த, ஊர்க்காரர்களிடம் வேலை வாங்கத் தெரிந்த, மதுரைக்கு ஓடிப்போகாத ஒரு ஆள் அழகுராஜாவுக்குத் தேவைப்பட்டது. நான் கிடைத்தேன்.

கம்பெனியின் பெயர் ‘சாரல்நடை’. பட்டணத்து ஆட்கள் முதுகுப்பையோடு வருவார்கள். அவர்களை அழகுராஜா வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் சுற்றியும் ரெண்டு நாள் நடக்கவிட்டு, கூடாரத்தில் தூங்கவிட்டு, அனுப்பி வைக்க வேண்டும். அதே சரிவில் நாங்கள் நடந்தால் அது கூலிவேலை. அவர்கள் நடந்தால் அனுபவம்.

“இங்க சார் மோர் எல்லாம் கெடையாது. நாம ஒரு டீம். என்னை அழகுன்னே கூப்பிடு” என்றார் முதல் நாளே. குடோன் மாடியில் இருந்த ஆபீசில் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒருநாள் வீட்டு வாசலில் நின்று, “அழகு இருக்காரா?” என்று கேட்டபோது அவருடைய அம்மா, “யாரு இருக்காரா?” என்றார். மறுநாள் அழகுராஜாவே இளித்துக்கொண்டு சொன்னார்: “வீட்ல மட்டும் சார்னு சொல்லிரு ரஞ்சனி. அவங்க பழைய ஆளுங்க.” பழைய ஆளுங்களாம். அந்த அம்மா போனில் பண்டிகை வாழ்த்துப் படம் அனுப்புகிற வேகம் எனக்கே வராது.

முதல் குழு வருவதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலை முடிவு செய்ய வேண்டியிருந்தது. “நம்ம பயணத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட இருக்கக்கூடாது. ஒரே பாட்டில், பல பயன், பல வருசம். அதுதான் நம்ம அடையாளம்” என்றார். அவர் ஆன்லைனில் வரவழைத்த சாம்பிள் பாட்டில்கள் ஆபீஸ் மேஜையில் கல்யாணச் சீர் மாதிரி வரிசையாக நின்றன. ஒன்றுக்கு மூடியில் விளக்கு எரிந்தது. ஒன்று மடங்கும், அதில் தண்ணீர் ஊற்றினால் ரப்பர் செருப்பை ஊறவைத்த வாசம் வந்தது. ஒன்றுக்கு உறிஞ்சுகுழல், வளர்ந்த ஆம்பளைக்குப் பால்புட்டி கொடுத்தது போல. இன்னொன்றின் பக்கவாட்டில் கோடு கோடாகப் போட்டு, எத்தனை மணிக்கு எதுவரை குடித்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இவர்களுக்குத் தாகம் எடுப்பதற்குக்கூட ஒரு மேனேஜர் தேவைப்படுகிறது.

“இதப் பாரு, ரெட்டைச் சுவர். காலையில ஊத்துன காப்பி சாயங்காலம் வரைக்கும் சூடா இருக்கும்” என்று ஒரு குண்டு பாட்டிலை என் கையில் வைத்தார். வெறும் பாட்டிலே அம்மிக்குழவி கனம் கனத்தது.

“இத யாரு தூக்கிட்டு நடப்பா?”

“கெஸ்ட் முடியலைன்னா கைடுதான்.”

“அப்ப கைடுகிட்டல்ல கேக்கணும்.”

“நீ செம ஷார்ப் ரஞ்சனி” என்று சிரித்தார். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் எல்லாம் அவர் என்னைப் பாராட்டிவிடுவார். “சரி, நீயே முடிவு பண்ணு. ஆனா அந்தப் பாட்டிலுக்குப் பின்னால ஒரு கதை இருக்கணும்.”

எனக்குக் கதை வேண்டாம், ஒழுகாத பாட்டில் போதும். நேராகக் கடைவீதியில் இப்ராஹிம் பாயின் பாத்திரக் கடைக்குப் போனேன்.

“என்ன மாதிரி பாட்டில்மா?”

“மலை ஏறணும் பாய். கீழ விழுந்தா உடையக்கூடாது, கவுந்தா ஒழுகக்கூடாது. அவசரத்துக்கு அடுப்புல வச்சா தண்ணி கொதிக்கணும். கஞ்சி ஊத்துனா உள்ள கைவிட்டுக் கழுவணும். தூக்குனா கனக்கக்கூடாது.”

“நீ பாட்டில் கேக்குறியா, மாப்பிள்ளை கேக்குறியா?”

“மாப்பிள்ளைக்கு இவ்வளவு பாக்க மாட்டேன் பாய்.”

ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். ரெட்டைச் சுவர் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். “இத மட்டும் அடுப்புல வச்சிராத. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல காத்த உறிஞ்சிட்டு அடைச்சிருக்கான். வெடிச்சுச்சுன்னா மூஞ்சி போயிரும்.” அப்புறம் ஒற்றைத் தகட்டு எவர்சில்வர் பாட்டில் ஒன்றை, பெயின்ட் எதுவும் அடிக்காதது, எடுத்துச் சிமென்ட் தரையில் ஓங்கிப் போட்டார். கடையே அதிர்ந்தது. “பாரு. ஒடுக்கு விழுந்துச்சு, ஓட்டை விழுகலைல? மூடியையும் ரப்பர் வாசரையும் கழட்டிட்டுத் தாராளமா அடுப்புல வைக்கலாம்.”

தன் கேனிலிருந்து அதில் தண்ணீர் பிடித்து நீட்டினார். நான் பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றினேன். வாய் அகலமான பாட்டில். பாதித் தண்ணீர் தாடை வழியாகக் கழுத்துக்கு ஓடியது.

“வாய வச்சுக் குடிம்மா. விளிம்பு ஒதட்டக் கிழிக்குதா இல்லையான்னு பின்ன எப்படித் தெரியும்?”

வாய் வைத்துக் குடித்தேன். விளிம்பு மழமழவென்று இருந்தது. பாய் பாட்டிலை வாங்கி, மிச்சத்தைத் தான் குடித்துவிட்டு, மூடியைத் திருகிக் கவிழ்த்துக் குலுக்கினார். ஒரு சொட்டு வரவில்லை. “மரை நல்ல மரை” என்றார். அதற்குள் அடுத்த ஆள் இட்லிச் சட்டி கேட்டு வந்துவிட்டார்.

அந்தப் பாட்டிலை ஆத்தாவிடம் கொடுத்து, கொஞ்ச நாள் தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். லீவு நாளில் நானும் கூடவே ஜீப்பில் ஏறினேன். ஓட்டுகிற ஈஸ்வரன் அண்ணன், “என்னாத்தா, ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு பரிச்சையா? எனக்கு லைசென்ஸ் குடுக்கும்போதுகூட இவ்வளவு பாக்கலையே” என்றார். அது வண்டி வளைவு திரும்புகிற லட்சணத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு கொண்டைஊசிக்கும் பாட்டில் எங்கள் காலடியில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக உருண்டது. யாரோ மிதித்தார்கள். யாரோ அதன்மேல் கூடையை வைத்தார்கள். மெட்டு ஏறி இறங்கியபோது ஒடுக்கு ஒன்று கூடியிருந்தது, தண்ணீர் குறையவில்லை.

ஆத்தாவோடு காய் எடுக்கும் பெண்கள் அதற்குள் எல்லாப் பயனையும் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் கஞ்சி. அதைக் குடித்துக் கழுவினால் மதியத்துக்குத் தண்ணீர். மழை இறங்கிக் கைவிரல் மரத்த நேரத்தில் மூணு கல்லைக் கூட்டி அதிலேயே பாலில்லாத கட்டன் டீ போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆத்தா அதில் சுடுதண்ணீர் ஊற்றி, பழைய சேலையில் சுற்றி, முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ‘ஒரே பாட்டில், பல பயன்’ என்று அழகுராஜா சொன்னது அவருக்கே தெரியாமல் உண்மையாகிப் போனது.

“ஏ ரஞ்சனி, ஒங்க மொதலாளி எங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுப்பாரா?” என்றாள் ஜீப்பில் கூட வந்த முனியாயி.

“முதுகுல பை மாட்டிட்டு, காசு கட்டிட்டு வா. குடுப்பாரு.”

“முதுகுல மூட்டையோடதானடி நிக்கிறேன், காசு எதுக்கு?” என்றாள். ஜீப்பே சிரித்தது.

அந்தப் பாட்டிலையே எழுதிக் கொடுத்தேன். வருகிறவர்களுக்கும், கூட்டிப்போகிற கைடுகளுக்கும், எனக்கும், எல்லாருக்கும் ஒரே பாட்டில். நான் அதை வைத்து எந்தப் புரட்சியும் செய்ய நினைக்கவில்லை. மொத்தமாக எடுத்தால் பாய் குறைத்துத் தருவார், அவ்வளவுதான் என் கணக்கு. அழகுராஜாவும் சரி என்றார். ஒடுக்கு விழுந்த பாட்டிலைத் தடவிப் பார்த்து, “இதுல கதை இருக்கு” என்றார்.

வெள்ளோட்டமாக ஒரு நடை போனோம். அழகுராஜா, அவருடைய பெங்களூர் நண்பர்கள், கைடாக என் சித்தப்பா ராக்கையாவும் அவருடைய சேக்காளி சின்னமுத்துவும், அப்புறம் நான். அழகுராஜா வழியெல்லாம் ‘ஹைட்ரேஷன், ஹைட்ரேஷன்’ என்று கத்திக்கொண்டே வந்தார். ஓடையில் எல்லாப் பாட்டிலையும் வாங்கி நானே நிரப்பிக் கொடுத்தேன். எது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் இல்லை, அட்டை கடிக்கு எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேலே பாறையில் ஏறியதும் அழகுராஜா என் சித்தப்பா தோளில் கைபோட்டுக்கொண்டு, ரெண்டு பேரும் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன். அன்றைக்கே இணையத்தில் போட்டார். ‘ஒரே மலை, ஒரே தண்ணீர்’ என்று தலைப்பு. நூற்றுக்கணக்கில் இதயம் விழுந்தது.

திரும்பி வந்ததும் பாட்டில்கள் ஒரே சாக்கில் கட்டி அழகுராஜா வீட்டில் இறக்கப்பட்டன. அவருடைய அம்மாவுக்குப் பாட்டில் பிடித்துப்போய்விட்டது. “நல்ல கனமில்லாம, வாய் அகலமா இருக்கே” என்று நாலைந்தை எடுத்துச் சீரகத் தண்ணீர் ஊற்றித் தன் வீட்டுக்காரர் பெரிய முதலாளிக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்றை மலைக்கோயிலுக்கு எடுத்துப்போய் தீர்த்தம் பிடித்து வந்து, பூஜை அறை, அடுப்படி, கட்டில், குடோன் கல்லாப்பெட்டி என்று வீடு முழுக்கத் தெளித்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள் சொந்தக்காரம்மா யாரோ போனைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். மகன் கையில் ஒரு பாட்டில். ராக்கையா கையில் அச்சு அசலாக அதே பாட்டில்.

“இதுல அவென் வாய் வச்சது எது?” என்று அந்த அம்மா கேட்டாராம். யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே கடை, ஒரே தகடு. ஒடுக்கு வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், மலையில் எல்லாப் பாட்டிலுமே விழுந்து ஒடுங்கியிருந்தது. சீரகத் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விட்டது. தெளித்த தீர்த்தத்தைத் திரும்ப அள்ள வழியில்லை. வீட்டைக் கழுவியிருக்கிறார்கள். பாட்டில்களைச் சாக்கோடு கட்டி, பழைய இரும்புக்காரனுக்குப் போட மாட்டுக்கொட்டகை ஓரம் எறிந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அழகுராஜாவேதான் ஆபீசில் வைத்து என்னிடம் சொன்னார், சிரிப்புக் கதை மாதிரி. “அம்மா கொஞ்சம் டென்ஷன் ஆயிட்டாங்க.” நான் சிரிக்காததைப் பார்த்துக் குரலை மாற்றினார். “அதனால ஒரு சின்ன மாற்றம். கெஸ்டுக்கு ஸ்டீல் பாட்டில் புதுசா வாங்கிருவோம். கைடுங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் பாட்டில் பெட்டி பெட்டியா எடுத்துருவோம். குடிச்சாங்களா, நசுக்குனாங்களா, முடிஞ்சது.”

“பிளாஸ்டிக்கே கெடையாதுன்னு போட்டிருக்கோம்.”

“அது கெஸ்டுக்கு. கைடுங்க பைக்குள்ள வச்சுக்கிரட்டும், போட்டோல தெரியாமப் பாத்துக்கோ. இது ஜாதி கீதி எல்லாம் இல்ல ரஞ்சனி, தப்பா எடுத்துக்காத. வெறும் ஹைஜீன்.”

“ஹைஜீன்னா உங்க ஃப்ரண்டு குடிச்ச பாட்டிலயும்ல எறியணும்?”

“நீ செம ஷார்ப்” என்றார். பிறகு, பெரிய மனசோடு, “நீ எதுக்குக் கவலப்படுற? நீ படிச்ச பொண்ணு. ஒனக்கு ஸ்டீல்தான்” என்றார்.

மூணு வருசம் நான் தேர்வெழுதி வாங்கிய பட்டத்துக்கு அவர் போட்ட மதிப்பு இது. அந்த நொடிதான் ஆத்தா சொன்னது எனக்கு விளங்கியது. முந்தியெல்லாம் தண்ணீர் கேட்டால் மேலே நின்று கையில் ஊற்றுவார்கள். அதைப் பார்த்தால் எவனும் கேள்வி கேட்பான். இப்போது சீல் வைத்த பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மரியாதையாகத் தருகிறார்கள். கழுவ வேண்டியதில்லை, தனியாக ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, நீங்கள் குறை சொல்லவும் முடியாது. நல்ல தண்ணிதானே கொடுத்தோம் என்பார்கள். குடோனில் காய் பிரிக்கும் பெண்களுக்கு அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ராக்கையா சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னேன். கூடவே கொதிப்பார் என்று நினைத்தேன். அவர் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, “எனக்குப் பிளாஸ்டிக்கே போதும் தாயி. இதெல்லாம் புதுசா? கூலி வருதுல்ல” என்றார்.

“ஒங்க தோள்ல கைபோட்டுப் போட்டோ எடுத்துட்டு, ஒங்க வாய் பட்ட பாட்டில எறிஞ்சிருக்காங்க சித்தப்பா.”

“எறியட்டும். நீ போனா அந்த ஆளு நாளைக்கே இன்னொரு பிள்ளையப் பிடிச்சுருவாரு. ஒங்காத்தா மூட்டுக்கு நீ யாரப் பிடிப்ப?”

அவர்மேல் வந்த எரிச்சலில் விறுவிறுவென்று ஜீப்பு ஸ்டாண்டுக்கு நடந்தேன். பாதி வழியில் அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

“அண்ணே, நாளன்னைக்கிலேருந்து ஆத்தா எடத்துல நான் வர்றேன்” என்றேன் ஈஸ்வரன் அண்ணனிடம். “வேற நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும்.”

“நீயா? பி.பி.ஏ.வா?”

“ஏன், ஜீப்புல ஏற டிகிரி தடையா?”

“அதுக்கில்லத்தா. ஒங்காத்தா என் சட்டையப் பிடிப்பாளே.”

“பிடிக்கட்டும். எனக்கு எடத்த மட்டும் போட்டு வைங்க.”

இன்று காலை அழகுராஜா வீட்டுக்குள் நுழையும் முன்னால் கொல்லைப் பக்கம் போய், மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்த சாக்கை இழுத்து வந்து கேட்டருகே வைத்தேன். அப்புறம்தான் ஹாலுக்கு வந்தேன். அப்புறம்தான் தண்ணீர் கேட்டேன்.

உள்ளேயிருந்து அழகுராஜாவின் மனைவி முத்துப்பிரியா வந்தார். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, எம்.எஸ்ஸி. தண்ணீர் கேட்ட சத்தம் காதில் விழுந்து, யார் என்னவென்று பார்க்காமலே ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்துவிட்டார். மாமியார் டம்ளரைப் பார்த்தார், அவ்வளவுதான். முத்துப்பிரியாவுக்கு முகம் சுண்டிப்போனது. டம்ளரோடு அப்படியே திரும்பிப் போனார். மறுபடி வந்தபோது கையில் சீல் உடைக்காத பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. அதை என் கையில் தரவில்லை. டீப்பாய் மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். படித்து என்ன?

“ஜில்லுனு இருக்கு. குடிம்மா. அதுதான் சுத்தமான தண்ணி” என்றார் அழகுராஜாவின் அம்மா.

“அந்த டம்ளர் தண்ணியே போதும்மா.”

“அது கொழாத் தண்ணி.”

“நீங்க அதத்தான குடிக்கிறீங்க?”

ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டில்மேல் வேர்த்து, தண்ணீர் வழிந்து டீப்பாய்க் கண்ணாடியில் வட்டமாகத் தேங்கியது.

“ரஞ்சனி, இப்ப இதெல்லாம் தேவையா?” என்றார் அழகுராஜா.

“தண்ணியா சார்? தாகமெடுத்தா தேவைதான்.”

“வா, ஆபீஸ்ல போய்ப் பேசிக்கலாம்.”

“ஆபீஸ்ல நீங்க அழகு, வீட்ல சார். ஆபீஸ்ல எனக்கு ஸ்டீல், வீட்ல பிளாஸ்டிக். நான் எங்கேன்னு போயிக் குடிக்கிறது?”

அவருடைய அம்மாவுக்குச் சத்தம் ஏறியது. “ஒங்காத்தா எப்பேர்ப்பட்ட மனுசி! எத்தன வருசம் எங்க குடோன்ல இருந்தா. ஒருநா வாயத் தெறந்து இந்த வீட்ல தண்ணி கேட்டிருப்பாளா?”

“கேட்டதில்லம்மா. அவளுக்கும் சேத்துத்தான் கேட்டேன்.”

ஆபீஸ் சாவியைப் பையிலிருந்து எடுத்து, அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அழகுராஜாவுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இத்தனை நேரத்தில் முதல் தடவையாக முகத்தில் நிஜமான பயம். என்னை நினைத்து வந்த பயம் இல்லை.

“ஏய், சனிக்கிழமை மொதக் குழு வருது.”

“தெரியும் சார். மெயில் போட்டது நான்தான்.”

“அவங்கள யாரு கூட்டிட்டுப் போவா? சாப்பாடு, டென்ட், கைடு எல்லாம் நீதானே பேசி வச்சிருக்க? இப்படித் திடுதிப்புனு...”

“ஒங்களத்தான் மலை கூப்பிட்டுச்சே. அதுகிட்டயே கேளுங்க.”

முன்வாசல் வழியாகவே இறங்கினேன். அவர் படிக்கட்டு வரைக்கும் வந்தார். அதற்குமேல் வரவில்லை; தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. “மாட்டுக்கொட்டகைல கெடந்த சாக்க எடுத்துக்கிட்டேன்” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். “பழைய இரும்புக்காரன் வந்தா இல்லன்னு சொல்லிருங்க.”

சாக்கைத் தூக்கித் தோளில் போட்டேன். உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து வீதி முழுக்கச் சத்தம் போட்டன. ஜீப்பில் வருகிற பெண்களுக்கு ஆளுக்கொன்று வரும், முனியாயிக்கு முதலில். ஆத்தாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். விளக்குமாற்றைத் தேடுவாள். ‘போட்டோவக் கழட்டி எறியட்டுமா?’ என்பாள். ரெண்டு நாள் சோறு போட மாட்டாள். ஆனால் நாளைக்கு ஆரன் அடிக்கும்போது அவள் எழுந்திருக்கப் போவதில்லை. நான் எழுந்திருப்பேன்.

எனக்கு நிஜமாகவே தாகமாக இருந்தது. தோளில் அத்தனை பாட்டில் இருந்தும் ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்கும் என்று நடந்தேன்.